இரவில் பறவை பார்ப்போம்

வேப்பமரத்துக் குரல்

தில்லியில் ஒரு குடியிருப்பு. விழுப்புரம், சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே பல உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி, ஒரு பையன் என்று நான்கு பேர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். மாலையில் எழுத்துப் படிக்கப் போகிறார்.

புரட்டாசி முடியும் நேரம். ஒரு நாள் இரவு. விளக்கை அணைத்துப் படுத்தார்கள். தெருமுனை வேப்பமரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“சிர்ர்... சிர்ர்... சீவக்... சீவக்...”

பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“சாக்குருவி கத்துது. யார் வீட்டுக்குக் கேடோ தெரியலையே.”

“சும்மா படு ஆத்தா” என்றார் அப்பா. ஆனால் அவருக்கும் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவர் ஏறவேண்டிய சாரம் ஆறாவது மாடியில் இருந்தது.

“அது ஆந்தைதான் பாட்டி. பொந்து எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் கல்லால அடிச்சு ஓட்டிடறேன்” என்றான் பையன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பூங்காவைக் கடந்தார். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விடும் மாலியிடம் கேட்டார்.

“பாயிசாப், எங்கள் தெரு மரத்தில் ஆந்தை கத்துகிறது. அதை எப்படி ஓட்டுவது?”

மாலி சிரித்தார். “ஏன் ஓட்டவேண்டும்? நான் இருபது வருடமாக அவற்றோடுதான் இருக்கிறேன். இன்றைக்குப் பொழுது சாயும்போது எல்லாரும் வாருங்கள். காட்டுகிறேன்” என்றார்.

பூங்காவில் பார்த்தது

அன்று மாலை நால்வரும் போனார்கள். பாட்டி அரை மனத்தோடு போனார்.

சூரியன் மறைந்தது. கிளிகள் கத்திக்கொண்டே கூட்டமாக அடைந்தன. மைனாக்களும் அடங்கின. மாலி ஒரு பழைய மரத்தின் பொந்தைக் காட்டினார். “பேசாமல் பாருங்கள்” என்றார்.

பொந்திலிருந்து ஒரு சின்ன உருண்டைத் தலை எட்டிப் பார்த்தது. மஞ்சள் கண்கள். சாம்பல் கலந்த பழுப்பு உடல். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். மைனா அளவுதான் இருந்தது. பாட்டியைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

“இம்புட்டுக்கூண்டா?” என்றார் பாட்டி. “இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?”

அதன் பெயர் புள்ளி ஆந்தை. தில்லியில் மிகுதியாகக் காணும் ஆந்தை இதுதான். லோதி தோட்டம் போன்ற பழைய தோட்டங்களிலும், தெருவோர மரங்களிலும், பாழடைந்த சுவர்களிலும் வாழ்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். ஒன்றையொன்று கூப்பிடவே கத்துகின்றன. ‘இது எங்கள் இடம்’ என்று மற்ற ஆந்தைகளுக்குச் சொல்லவும் கத்துகின்றன. மனிதரின் சாவுக்கும் அந்தக் குரலுக்கும் தொடர்பு இல்லை.

அப்படியானால் சாக்குருவி என்ற பெயர் ஏன் வந்தது? நோயாளி இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் ஆட்கள் விழித்திருப்பார்கள். அப்போது ஆந்தையின் குரல் காதில் விழும். நோயாளி இறந்தால் ஆந்தை கத்தியது நினைவில் நிற்கும். நோயாளி பிழைத்துக்கொண்டால், ஆந்தை கத்தியதையே மறந்துவிடுவார்கள். ஆந்தை கத்திய இரவுகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை இரவுகளில் தீமை நடந்தது என்றும் எண்ணிப் பாருங்கள். உண்மை தெரியும்.

இருட்டில் எப்படி வாழ்கிறது?

ஆந்தையின் கண்கள் பெரியவை. கொஞ்ச வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கண்களை நம்மைப் போல உருட்ட முடியாது. அதனால் கழுத்தைத் திருப்புகிறது. நம் கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. ஆந்தையின் கழுத்தில் 14 உள்ளன. முக்கால் வட்டம் வரை அது தலையைத் திருப்பும்.

அதன் இறகு ஓரங்கள் மெத்தென்று இருக்கும். பறக்கும்போது சத்தம் வராது. எலிக்குக் கடைசிவரை தெரியாது.

கூகை என்பது வேறு வகை ஆந்தை. வெள்ளை முகம், இதயம் போன்ற வடிவம். பாழடைந்த கட்டடங்களிலும் கோயில் கோபுரங்களிலும் தங்கும். இதன் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. இதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளும். கும்மிருட்டிலும் சத்தத்தை மட்டும் கேட்டு எலியைப் பிடித்துவிடும்.

உழவரின் நண்பன்

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கூகை ஓர் இரவில் 2 எலிகள் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 365 இரவுகள். அப்படியானால் 730 எலிகள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் 1,460 எலிகள். அந்த எலிகள் எத்தனை மூட்டை நெல்லைத் தின்றிருக்கும்?

தமிழ்நாட்டு நெல்வயல்களில் குச்சியை நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டி வைப்பார்கள். இரவில் ஆந்தை அதன்மேல் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் உள்ளன. அங்கே எலித்தொல்லையைக் குறைக்கக் கூகைகளுக்குப் பெட்டிக்கூடு வைக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலருக்கு இது தெரியும்.

எலிக்கு நஞ்சு வைத்தால், நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்னும். ஆந்தையும் சாகும். பிறகு எலிதான் பெருகும்.

தீபாவளியும் ஆந்தையும்

வட இந்தியாவில் ஆந்தையை இலட்சுமியின் வாகனம் என்பார்கள். அப்படியானால் அதைப் போற்றவேண்டும். ஆனால் நடப்பது வேறு. தீபாவளி இரவில் ஆந்தையைப் பலி கொடுத்தால் பணம் வரும் என்று சில மந்திரவாதிகள் சொல்கிறார்கள். அதை நம்பிச் சிலர் ஆந்தை வாங்குகிறார்கள். அதனால் தீபாவளி நெருங்கும்போது ஆந்தை பிடிப்பவர்கள் அலைகிறார்கள்.

காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் ‘டிராஃபிக்’ என்னும் அமைப்பு, 2010ஆம் ஆண்டு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உள்ள ஆந்தைகளில் 15 வகைகள் திருட்டுத்தனமாக விற்கப்படுவதாக அது சொன்னது.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பது குற்றம். விற்பது குற்றம். வாங்குவதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

விளக்கோடும் வழிகாட்டியோடும்

இரவுப் பறவைகளைப் பிடிக்காமல், துன்புறுத்தாமல், பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதற்கென்றே இரவு நடை நடத்தும் ஊர்கள் உலகில் உண்டு.

நியூசிலாந்து நாட்டில் கிவி என்னும் பறவை இருக்கிறது. கோழி அளவு. பறக்காது. நீண்ட அலகின் நுனியில் மூக்குத்துளை இருக்கும். அதனால் மண்ணை மோந்து புழு தேடும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கீரி போன்ற விலங்குகளும் நாய், பூனைகளும் கிவிகளைக் கொன்றன. கிவி அரிதாகிவிட்டது.

வெலிங்டன் அந்நாட்டின் தலைநகரம். அந்த நகருக்குள்ளேயே 225 எக்டேர் நிலத்தை ஒதுக்கினார்கள். சுற்றி 8.6 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போட்டார்கள். 1999இல் வேலி முடிந்தது. எலிகூட நுழைய முடியாதபடி அமைத்த வேலி அது. பிறகு உள்ளே கிவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடத்தின் பெயர் சீலாண்டியா.

அங்கே இருட்டியபின் வழிகாட்டி ஒருவர் சிறு கூட்டத்தை அழைத்துப் போகிறார். கையில் சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை விளக்குப் பறவையின் கண்ணைக் கூசவைக்கும். சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குத் தொல்லை தராது. மெல்ல நடக்கவேண்டும். பேசக்கூடாது. கிவி வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் திரும்பவேண்டும். வந்தே தீரும் என்று யாரும் சொல்வதில்லை.

தில்லிக்குப் பக்கத்தில்

தில்லியின் தெற்கே அசோலா பட்டி காட்டுயிர்ச் சரணாலயம் இருக்கிறது. முன்பு மண்ணும் கல்லும் வெட்டியெடுத்த இடம் அது. தில்லியில் பல கட்டடங்கள் அந்த மண்ணால் எழுந்தன. அங்கே சுரங்க வேலை செய்தவர்களில் வெளியூர்க் கூலியாட்கள் மிகுதி. வேலை நின்றபின் நிலத்தில் மெல்ல மரங்கள் வளர்ந்தன. இப்போது அங்கே சிறுத்தைகூட இருக்கிறது. ஆந்தைகளும், தரையில் சருகு போலப் படுத்திருக்கும் பக்கிகளும் வாழ்கின்றன. பகலில் போய்ப் பார்க்கலாம். இருட்டியபின் தாமாக நுழையக்கூடாது. அது மனிதருக்கும் ஆபத்து, விலங்குக்கும் தொல்லை.

ராஜஸ்தானில் பரத்பூர் இருக்கிறது. தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். ரயிலில் போகலாம். அங்கே கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. 350க்கும் மேற்பட்ட பறவை வகைகள் அங்கே காணப்பட்டுள்ளன. 1985இல் உலகப் பாரம்பரிய இடமாக அது அறிவிக்கப்பட்டது. முன்பு அது மன்னர்களின் வேட்டைக்காடு. 1938ஆம் ஆண்டு நவம்பரில், ஒரே நாளில் 4,000க்கும் அதிகமான பறவைகளை அங்கே சுட்டார்கள்.

இன்று அங்கே துப்பாக்கி இல்லை. ரிக்ஷா இருக்கிறது. ரிக்ஷா ஓட்டுபவர்களே வழிகாட்டிகள். பறவைகளைப் பற்றி அவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்களில் அதிகம் படிக்காதவர்கள் பலர். ஆனால் நூற்றுக்கணக்கான பறவைகளின் பெயர் தெரியும்.

பூங்கா மாலையில் மூடிவிடும். அப்படியானால் இரவுப் பறவையை எப்படிப் பார்ப்பது? அது பகலில் எங்கே தூங்குகிறது என்று ரிக்ஷாக்காரருக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, ஒரு கிளையைக் காட்டுவார். நமக்கு மரப்பட்டைதான் தெரியும். உற்றுப் பார்த்தால் அது பக்கி. அல்லது கண்மூடித் தூங்கும் ஆந்தை. அந்த அறிவுக்காகத்தான் பயணிகள் அவருக்குக் கூலி தருகிறார்கள்.

86 ஆண்டு காணாமல் போன பறவை

ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் முட்புதர்க் காடுகள் உண்டு. அங்கே ஓர் இரவுப் பறவை இருந்தது. தாமஸ் ஜெர்டான் என்ற இராணுவ மருத்துவர், 1848 வாக்கில் அதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். அதனால் அதற்கு ஜெர்டான் கோர்சர் என்று பெயர். மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள் இருக்கும். இரவில் புதர்களுக்கு நடுவே நடந்து பூச்சி தின்னும்.

1900ஆம் ஆண்டுக்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகச் செய்தி இல்லை. அறிஞர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மீண்டும் தேட முடிவு செய்தது. பரத் பூஷண் என்ற ஆராய்ச்சியாளர் கடப்பைக்குப் போனார். ஊர் மக்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டார். அங்கே பறவை பிடிக்கும் தொழில் செய்த ஒருவருக்கு அதைத் தெரிந்திருந்தது. அவர்கள் வழக்கில் அதற்குக் ‘கலிவி கோடி’ என்று பெயர். தெலுங்கில் கலிவி என்றால் களாச்செடி. கோடி என்றால் கோழி. அதாவது களாப்புதர்க் கோழி. 1986 ஜனவரியில் அவர் ஓர் இரவு விளக்கோடு போய் அந்தப் பறவையைப் பிடித்துக் காட்டினார்.

அறிஞர்கள் 86 ஆண்டு தேடிய பறவை. அந்தக் காட்டு மனிதருக்கு அது பழகிய பறவை. அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பின்னர் அந்தக் காடு ஸ்ரீலங்கமல்லேஸ்வரர் சரணாலயம் ஆனது. 2005இல் ஒரு சிக்கல் வந்தது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின் ஒரு கால்வாயை அந்தப் பறவை வாழும் இடத்தின் வழியே வெட்டத் தொடங்கினார்கள். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் திட்டமும் இதுதான். தண்ணீர் வேண்டும். பறவையும் பிழைக்கவேண்டும். என்ன செய்வது?

அங்கே பறவையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களில் ஜெகநாதன் என்ற தமிழரும் ஒருவர். ஆராய்ச்சியாளர்கள் விவரங்களைத் திரட்டி எடுத்துச் சொன்னார்கள். வேலை நின்றது. கால்வாயின் பாதையை மாற்றினார்கள். புதர்க்காட்டின் அந்தப் பகுதி தப்பியது.

2008க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பறவையைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர்கள் சிலர் அதன் குரலை இரவில் கேட்டுப் பதிவு செய்தார்கள். அது இன்னும் இருக்கிறது.

இரவில் பறவை பார்க்கப் போகும்போது

1. தனியாகப் போகாதீர்கள். இடம் தெரிந்தவரோடு போங்கள்.

2. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

3. டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். பறவையின் கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

4. மின்னல் விளக்குப் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

5. கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். வேறு ஆந்தை வந்துவிட்டது என்று எண்ணிப் பறவை கூட்டை விட்டு வரும். இரை தேடும் நேரம் வீணாகும்.

6. கூட்டைத் தொடாதீர்கள். கூடு இருக்கும் இடத்தை எல்லாரிடமும் சொல்லாதீர்கள்.

7. தரையைப் பார்த்து நடங்கள். பாம்பும் இரவில் வரும்.

தில்லியில் பட்டம் விடும் மாஞ்சா நூலில் சிக்கி ஆந்தைகளும் பருந்துகளும் அடிபடுகின்றன. வசீராபாத்தில் நதீம், சவூத் என்ற சகோதரர்கள் அப்படிப்பட்ட பறவைகளுக்குப் பல ஆண்டுகளாக மருத்துவம் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2022இல் வெளிவந்து உலகப் பரிசுகள் பெற்றது. அடிபட்ட பறவையைக் கண்டால் துணியால் மூடி மெல்ல எடுங்கள். காற்றுத்துளை உள்ள அட்டைப் பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனத்துறைக்கோ பறவை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள்.

மீண்டும் வேப்பமரம்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கையில் பையோடு ஓர் ஆள் தெருவுக்கு வந்தான். வாசலில் நின்ற அம்மாவிடம் கேட்டான்.

“இந்தப் பக்கம் ஆந்தை இருக்கிறதாமே? பொந்தைக் காட்டினால் 2,000 ரூபாய் தருகிறேன்.”

அம்மா பேசாமல் நின்றார். அந்த மாத வாடகை பாக்கி. பையனுக்குப் புதுச்சட்டை எடுக்கவில்லை. பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பொந்து அவனுக்குத் தெரியும்.

“பலி கொடுக்கவா?” என்று கேட்டார் அம்மா.

“அது உனக்கு எதற்கு? பணம் வேண்டுமா, வேண்டாமா?”

“வேண்டாம். ஆந்தை பிடித்தால் சிறை என்று நான் படித்திருக்கிறேன். வாங்குகிறவனுக்கும் சிறை. தெருவில் எல்லாரையும் கூப்பிடட்டுமா?”

உள்ளேயிருந்து பாட்டி வந்தார். அவருக்கு இந்தி அவ்வளவாக வராது. தமிழிலேயே சொன்னார்.

“இங்கே ஆந்தையும் இல்லை, கீந்தையும் இல்லை. போய்யா!”

அந்த ஆள் போய்விட்டான். அன்று அம்மா பக்கத்து வீடுகளிலும் விவரம் சொன்னார். பொந்து தெரிந்த பிள்ளைகள் யாரும் காட்டக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

இரவு விளக்கை அணைத்தார்கள். வெகுநேரம் சத்தமே இல்லை. பாட்டி புரண்டு புரண்டு படுத்தார்.

“என்ன ஆத்தா, தூங்கலையா?” என்றார் அப்பா.

“அது இன்னும் கத்தலையே. அந்தப் பாவி பிடிச்சிட்டானோ?”

சற்று நேரத்தில் வேப்பமரத்திலிருந்து குரல் வந்தது.

“சிர்ர்... சிர்ர்... சீவக்... சீவக்...”

பாட்டி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பதில் சொல்லுங்கள்

1. ஆந்தை ஏன் கத்துகிறது?

2. ஒரு ஜோடிக் கூகை ஓர் ஆண்டில் எத்தனை எலி தின்னும்? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

3. இரவு நடையில் சிவப்பு விளக்கு ஏன்?

4. கடப்பைப் பறவையை 1986இல் பிடித்துக் காட்டியவர் என்ன தொழில் செய்தார்?

சேர்ந்து பேசுங்கள்

1. கால்வாயும் வேண்டும், பறவையும் வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒரு சிக்கல் வந்ததுண்டா? எப்படித் தீர்த்தீர்கள்?

2. அந்த அம்மா 2,000 ரூபாயை வேண்டாம் என்றார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

செய்து பாருங்கள்

ஏழு நாள் இரவில் கேட்கும் பறவைக் குரல்களைக் குறித்து வையுங்கள். நாள், நேரம், குரல் எப்படி இருந்தது, எந்த மரம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். அந்தப் பறவைகளுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

ஆந்தை – கூகை – பக்கி – பொந்து – வழிகாட்டி – சரணாலயம் – சட்டம்